சிஎன்சி மில்லிங்கில் பாஸ் ஆழம்: மென்பொருளில் இடும் எண்ணும் இயந்திரம் வெட்டும் எண்ணும்

கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி மில்லிங் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஃபீடை, அதாவது கட்டர் நகரும் வேகத்தை, கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வேகத்துக்கும் பெரும்பாலும் அதுபோல் இன்னொன்று இருக்கும். வெட்டு ஆழத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு பாஸில், அதாவது ஒருமுறை வெட்டிச் செல்லும்போது, கட்டர் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது, கட்டர் செல்லும் பாதையான டூல் பாத்தை மென்பொருளில் உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அது தவறாக அமைந்துவிட்டால், ஓட்டத்தின் நடுவே ஃபீடைக் குறைக்கலாம், அல்லது நிறுத்திவிடலாம். கட்டர் இறங்கியிருக்கும் ஆழம் மாறாது. ஆகவே புதிதாகக் கற்பவர் மற்ற எண்களைவிட இந்த ஓர் எண்ணுக்கு அதிக நேரம் செலவிடுவது நல்லது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்டெப் டவுன், பாஸ் டெப்த், டெப்த் ஆஃப் கட் என்று மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறும் அந்தக் கட்டத்தில் நாம் இடும் எண், பல மென்பொருள்களில் ஓர் உச்ச வரம்பு மட்டுமே. இயந்திரம் உண்மையில் வெட்டும் ஆழத்தை மென்பொருள் அந்த வரம்புக்கு உட்பட்டுத் தானாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. இந்த இரண்டு எண்களும் ஒன்றல்ல என்பதை அறியாமல் இருப்பதால்தான், 2.5 மிமீ என்று கொடுத்தும் இயந்திரம் ஏன் 2.4 மிமீ இறங்குகிறது என்றோ, கடைசிப் பாஸ் மட்டும் ஏன் தாள் கனத்துக்குச் சுரண்டுகிறது என்றோ புதியவர்கள் குழம்புகிறார்கள்.

இக்கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன். கடினமான மரத்தில் 12 மிமீ ஆழமுள்ள ஒரு பாக்கெட்டை (உள்ளே குழிவாக வெட்டப்படும் பகுதி), 6 மிமீ விட்டமும் 2 ஃப்ளூட்டும் (வெட்டும் விளிம்புள்ள பள்ளம்) கொண்ட எண்ட் மில் என்ற கார்பைடு கட்டரால், மேசை மீது வைக்கக்கூடிய சிறிய ரவுட்டர் வகை இயந்திரத்தில் வெட்டுகிறோம்.

முதலில் கட்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் மூன்று அளவுகளை வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்: கட்டரின் விட்டம், ஃப்ளூட்டின் நீளம், கட்டரைப் பிடித்திருக்கும் காலெட்டுக்கு வெளியே அது நீட்டிக்கொண்டிருக்கும் நீளம். விட்டத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். மற்ற இரண்டையும் பலர் பார்ப்பதில்லை.

ஃப்ளூட்டின் நீளம் ஏன் முக்கியம் என்றால், பாஸ்களை எத்தனை மெல்லியதாகப் பிரித்தாலும் மொத்த ஆழம் ஃப்ளூட்டின் நீளத்தைத் தாண்டினால், ஃப்ளூட்டுக்கு மேலுள்ள வெட்டாத ஷாங்க், ஏற்கெனவே வெட்டிய சுவரில் உரசத் தொடங்கும். மரம் கருகும், அலுமினியம் என்றால் சுவர் கீறலாகும், கட்டர் சூடேறி உடையவும் கூடும். நமது எடுத்துக்காட்டில் 12 மிமீ ஆழத்துக்கு, ஃப்ளூட் குறைந்தது 13 அல்லது 14 மிமீயாவது இருக்க வேண்டும். அதைவிட ஆழமாகப் போக வேண்டியிருந்தால், ஷாங்க்கின் கழுத்துப் பகுதி விட்டத்தைவிடச் சற்று ஒடுக்கப்பட்ட கட்டரைத் தேட வேண்டுமே தவிர, ஸ்டெப் டவுனைக் குறைத்துச் சமாளிக்க முடியாது.

நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இன்னும் கொடுமையானது. ஒரு முனையில் பிடிக்கப்பட்ட கம்பி பக்கவாட்டு விசையில் வளையும் அளவு, அதன் நீளத்தின் மும்மடியோடு கூடுகிறது. விட்டத்தின் நான்மடியோடு குறைகிறது. 20 மிமீ நீட்டியிருந்த கட்டரை 30 மிமீ நீட்டினால், அதே விசையில் அது மூன்று மடங்குக்கு மேல் வளையும். 6 மிமீ கட்டருக்குப் பதில் அதே நீளத்தில் 3 மிமீ கட்டரைப் பொருத்தினால் வளைவு 16 மடங்காகும். ‘விட்டத்தில் பாதி ஆழம்’ போன்ற பொது விதிகள் சிறிய கட்டர்களில் ஏன் அடிக்கடி பொய்த்துப்போகின்றன என்பதற்கு இதுவே விடை. கட்டரைத் தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே விடாமல் பிடிப்பது, மென்பொருளில் எந்த எண்ணை மாற்றுவதையும்விடப் பலன் தரும்.

தொடக்க மதிப்பைத் தேர்ந்தெடுத்தல்

வெட்டு ஆழத்தைத் தனியாக முடிவுசெய்ய முடியாது. கட்டரின் அகலத்தில் எவ்வளவு பங்கு பொருளுக்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். ஒரு பள்ளத்தை நேராக வெட்டிச் செல்லும்போது கட்டரின் முழு விட்டமும் வேலை செய்கிறது. இதுதான் மிகக் கடினமான நிலை. பாக்கெட்டின் உட்பகுதியில் ஸ்டெப் ஓவர், அதாவது பக்கவாட்டு நகர்வு, விட்டத்தில் 40 விழுக்காடு என்று வைத்திருந்தாலும், பாக்கெட்டுக்குள் நுழைந்த பின் முதலில் வெட்டும் கோடும் சில மூலைகளும் முழு அகலத்தில்தான் வெட்டப்படும். எனவே சாதாரணப் பாக்கெட்டுக்கும், வடிவத்தின் விளிம்போடு வெட்டும் கான்டூருக்கும் ஸ்டெப் டவுனைப் பள்ளம் வெட்டுவதற்குரிய அளவிலேயே தீர்மானிப்பது பாதுகாப்பானது.

சிறிய ரவுட்டர் இயந்திரத்தில் மரத்துக்கும் எம்டிஎஃப் பலகைக்கும் விட்டத்தின் பாதியளவில் தொடங்கலாம். இயந்திரம் கனமானதாக இருந்தால் விட்டம் அளவுக்கே போகலாம். அதே சிறிய இயந்திரத்தில் அலுமினியத்தை 6 மிமீ கட்டரால் வெட்டும்போது 0.3 முதல் 0.5 மிமீ வரை வைத்துத் தொடங்குவதே முறை. வார்ப்பிரும்பு உடலுள்ள கனமான மில்லிங் இயந்திரத்தில் அதே அலுமினியத்தில் 3 மிமீயும் அதற்கு மேலும் எளிதாகப் போகும். எஃகை வெட்ட நினைக்கும் புதியவர் கட்டர் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து தொடங்கட்டும்; ஆனால் அந்த அட்டவணை கனமான இயந்திரத்தையும் குறைந்த நீட்டலையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

நமது மரப் பாக்கெட்டுக்கு விட்டத்தின் பாதி 3 மிமீ. மரம் கடினமானது, இயந்திரம் சிறியது என்பதால் 2.5 மிமீ என்று வைத்துக்கொள்வோம்.

ஆழத்தைக் குறைத்தால் போதும், எல்லாம் பத்திரமாகிவிடும் என்று எண்ணுவது பரவலான தவறு. ஃபீட் என்பது ஸ்பிண்டில் சுற்று, ஃப்ளூட் எண்ணிக்கை, ஒரு பல் ஒருமுறை சீவும் கனம் ஆகிய மூன்றின் பெருக்கல். 18,000 சுற்று, 2 ஃப்ளூட், ஒரு பல்லுக்கு 0.05 மிமீ என்றால் ஃபீட் நிமிடத்துக்கு 1,800 மிமீ. பயந்துபோய் ஆழத்தையும் குறைத்து, ஃபீடையும் 400-க்கு இறக்கினால், பல் பொருளைச் சீவுவதற்குப் பதிலாகத் தேய்க்கத் தொடங்கும். வெப்பம் சீவலோடு வெளியேறாமல் கட்டரிலேயே தங்கும். சீவல் வராமல் மாவாக வந்தால், குறைக்க வேண்டியது ஃபீடை அல்ல, ஸ்பிண்டில் சுற்றை. மேலும், மிக மெல்லிய பாஸ்களில் கட்டரின் நுனி மட்டும் மழுங்கிப்போகும். மேலே உள்ள கூர்மை முழுவதும் பயன்படாமலே கிடக்கும்.

சில பொருள்களில் முதல் பாஸ் மெல்லியதாக இருப்பதே தீங்கு. வார்ப்பிரும்பின் மேல்தோலும், சூடாக உருட்டிய எஃகுத் தகட்டின் கருஞ்செதிலும் உள்ளிருக்கும் உலோகத்தைவிடக் கட்டரை வேகமாகத் தின்னும். முதல் பாஸ் அந்தத் தோலுக்குக் கீழே இறங்கும்படி இருக்க வேண்டும். துருவேறா எஃகில் தேய்த்த இடம் கடினமாகிவிடும் என்பதால், அடுத்த பாஸ் அந்தக் கடினப்பட்ட அடுக்குக்கு அடியில் போக வேண்டும்.

மென்பொருளில் எண்ணை இடுதல்

ஃப்யூஷன் என்ற மென்பொருளில் இருபரிமாணப் பாக்கெட், கான்டூர் போன்ற செயல்களைத் திறந்து பாஸஸ் தாவலுக்குச் சென்றால் மல்டிபிள் டெப்த்ஸ் என்ற பெட்டி இருக்கும். அதைக் குறியிடாமல் விட்டால் 12 மிமீயும் ஒரே பாஸில் வெட்டப்படும்படி டூல் பாத் உருவாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. குறியிட்டதும் திறக்கும் கட்டங்களில் மேக்ஸிமம் ரஃபிங் ஸ்டெப்டவுன் என்பதில் 2.5 இட வேண்டும் (ரஃபிங் என்பது பொருளின் பெரும்பகுதியை அகற்றும் முதற்கட்ட வெட்டு). அந்தப் பெயரில் உள்ள ‘மேக்ஸிமம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இப்போது இரண்டு வழிகள் உள்ளன. யூஸ் ஈவன் ஸ்டெப்டவுன்ஸ் என்பதைக் குறியிடாவிட்டால் ஆழங்கள் 2.5, 5, 7.5, 10, 12 என்று அமையும்; கடைசிப் பாஸ் 2 மிமீ. குறியிட்டால் மென்பொருள் 12-ஐ 2.5-ஆல் வகுத்து, வரும் 4.8-ஐ மேல்நோக்கி 5 ஆக்கி, ஒவ்வொரு பாஸையும் 2.4 மிமீயாகச் சமப்படுத்தும். இந்த எடுத்துக்காட்டில் வேறுபாடு பெரிதல்ல. மொத்த ஆழம் 10.1 மிமீ என்று வைத்துப் பாருங்கள்: சமப்படுத்தாமல் விட்டால் நான்கு முழுப் பாஸ்களுக்குப் பிறகு ஐந்தாவது பாஸ் வெறும் 0.1 மிமீயைத் தேய்த்துக்கொண்டு பாக்கெட் முழுவதையும் சுற்றி வரும். சமப்படுத்தினால் ஐந்தும் 2.02 மிமீயாகும். ஸ்டெப் டவுனை 2.53 என்று மாற்றினாலோ நான்கு பாஸ்களிலேயே வேலை முடிந்துவிடும். மொத்த ஆழத்தை நமது எண்ணால் வகுத்துப் பார்த்து, விடை முழு எண்ணைச் சற்றே தாண்டுகிறதா என்று சோதிக்கும் பழக்கம், நீண்ட வேலைகளில் கணிசமான நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாஸ்டர்கேமில் இதே வேலையை டெப்த் கட்ஸ் என்ற பக்கம் செய்கிறது. அங்கும் மேக்ஸ் ரஃப் ஸ்டெப் என்பது வரம்பே. மென்பொருள் அதைத் தாண்டாத சம அளவுகளைக் கண்டுபிடித்துக்கொள்ளும். விகார்வில் பாஸ் டெப்த் என்பது கட்டரின் பதிவோடு சேமிக்கப்பட்டிருக்கும். டூல் பாத்துக்கான படிவத்தில் மொத்த ஆழத்தைக் கொடுத்ததும் பாஸ்களின் எண்ணிக்கையை மென்பொருளே கணக்கிட்டுச் சமமாகப் பிரிக்கும், வேண்டுமானால் ஒவ்வொரு பாஸையும் கையால் திருத்தவும் இடம் தரும். ஃப்ரீகேடில் ஸ்டார்ட் டெப்த், ஃபைனல் டெப்த், ஸ்டெப் டவுன் என்று மூன்று கட்டங்கள் உள்ளன. அமைப்பை யாரும் மாற்றாத நிலையில் ஸ்டெப் டவுன் கட்டரின் விட்டத்துக்குச் சமமாக நிரப்பப்பட்டிருக்கும். அதாவது நமது 6 மிமீ கட்டருக்கு 6 மிமீ. சிறிய இயந்திரத்தில் அலுமினியத்தை வெட்ட உட்கார்ந்தவர் அந்தக் கட்டத்தைப் பாராமல் அப்படியே ஏற்றுக்கொண்டால், கட்டர் முதல் பாஸைக்கூட முடிக்காது.

குறிகளிலும் அலகுகளிலும் ஒரு எச்சரிக்கை தேவை. ஸ்டெப் டவுன் எப்போதும் மிகை எண்ணாக இடப்படுகிறது. மொத்த ஆழம் சில மென்பொருள்களில் மிகை எண்ணாகவும், செங்குத்தான இசட் அச்சின் நிலையாகக் கேட்கும் மென்பொருள்களில் குறை எண்ணாகவும் இருக்கும். 0.1 அங்குலம் என்பது 2.54 மிமீ, ஆவணம் அங்குலத்தில் இருக்கும்போது 2.5 என்று தட்டினால் பாஸ் ஒன்று 63 மிமீயைத் தாண்டும். மென்பொருள் அதை வரம்பாக எடுத்துக்கொண்டு, ஒரே பாஸ் போதும் என்று முடிவுசெய்துவிடும்.

முதல் பாஸ் எங்கிருந்து தொடங்குகிறது

ஸ்டெப் டவுன் சரியாக இருந்தும் முதல் பாஸிலேயே கட்டர் உடைந்தால், பெரும்பாலும் காரணம் மேல்மட்டத்தைத் தவறாகக் கொடுத்ததுதான். வரைபடத்தில் உள்ள பாகத்தின் மேல்முகமும், மேசையில் பூட்டியிருக்கும் கட்டையின் மேல்முகமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டை 0.8 மிமீ கூடுதல் கனமாக இருக்க, மென்பொருளில் டாப் ஹைட் (வெட்டு தொடங்கும் உயரம்) பாகத்தின் மேல்முகத்தைக் குறித்தால், முதல் பாஸ் 2.4 அல்ல, 3.2 மிமீ வெட்டும். மென்பொருளுக்கு அந்த 0.8 மிமீ கண்ணுக்கே தெரியாது. டாப் ஹைட்டைக் கட்டையின் மேல்முகத்துக்கு, அதாவது ஸ்டாக் டாப் என்பதற்கு, மாற்றினால் மொத்தம் 12.8 மிமீயாகி, பாஸ்கள் ஆறாகி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.13 மிமீயாகச் சரியாகும்.

இதோடு இணைந்ததே இசட் பூஜ்யம், அதாவது உயரங்களை அளக்கத் தொடங்கும் இடம். கட்டையின் மேல்முகத்தைப் பூஜ்யமாக வைப்பது எளிது. ஆனால் பலகை வளைந்திருந்தால், தொட்டுப் பார்த்த இடத்தைவிட மேடான இடத்தில் முதல் பாஸ் அவ்வளவு அதிகமாக வெட்டும். பலகையை முழுவதுமாக ஊடுருவி வெட்டும் வேலைகளுக்கு அடிப்பலகையின் மேல்முகத்தைப் பூஜ்யமாக வைப்பதையே நான் விரும்புகிறேன். பலகையின் கனம் அங்குமிங்கும் மாறினாலும் கடைசிப் பாஸ் அடிப்பலகையில் ஒரே அளவுதான் இறங்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், மென்பொருளில் வைத்த பூஜ்யமும் இயந்திரத்தில் தொட்டு வைத்த பூஜ்யமும் ஒரே முகமாக இருக்க வேண்டும்.

கட்டர் இறங்கும் விதம்

பாஸ் ஆழம் கூடக்கூட, அந்த ஆழத்துக்குக் கட்டர் எப்படி இறங்குகிறது என்பதும் முக்கியமாகிறது. செங்குத்தாகக் குத்தி இறங்குவது எண்ட் மில்லுக்குப் பிடிக்காத வேலை. அடிமுகத்தின் நடுப்பகுதி வரை வெட்டும் பற்கள் இல்லாத கட்டர் அப்படி இறங்கவே முடியாது. சாய்வாக இறங்கும் ராம்ப், சுருளாக இறங்கும் ஹெலிக்ஸ் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 3 பாகைச் சாய்வில் 2.4 மிமீ இறங்குவதற்கு ஏறத்தாழ 46 மிமீ நீளம் தேவைப்படும். பாக்கெட் அதைவிடக் குறுகலாக இருந்தால் மென்பொருள் முன்னும் பின்னுமாக இறங்கும், அல்லது இடம் போதவில்லை என்று சொல்லி அந்தப் பாக்கெட்டையே விட்டுவிடும். சிமுலேஷனில் ஒரு சிறு பாக்கெட் வெட்டப்படாமலே இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஃபினிஷ் பாஸ், வரிசை, பிடிப்புத் துண்டுகள்

ஐந்து பாஸ்களில் வெட்டிய சுவரில் நான்கு மெல்லிய கிடைக்கோடுகள் தெரியும், ஏனெனில் ஒவ்வொரு பாஸிலும் கட்டர் சற்றே வேறுவிதமாக வளைகிறது. இதைப் போக்க, ரஃபிங் பாஸ்கள் சுவரில் 0.2 முதல் 0.3 மிமீ வரை பொருளை விட்டுவைக்குமாறு ஸ்டாக் டு லீவ் அமைப்பை வைத்து, பிறகு முழு 12 மிமீ ஆழத்திலும் ஒரே ஃபினிஷ் பாஸைச் சுற்ற வேண்டும். முழு ஆழம் என்று கேட்டதும் தயக்கம் வருவது இயல்பு. ஆனால் பக்கவாட்டில் 0.2 மிமீ மட்டுமே வெட்டப்படுவதால் கட்டரின் மேல் சுமை குறைவாகவே இருக்கும்.

அடித்தளத்துக்கும் இதே வகையில் ஒரு மெல்லிய பாஸைக் கொடுக்கலாம். 0.3 மிமீ ஃபினிஷிங் ஸ்டெப்டவுன் ஒன்றைச் சேர்த்துச் சமப்படுத்தச் சொன்னால், மென்பொருள் மீதியுள்ள 11.7 மிமீயை ஐந்தாகப் பிரிக்கும். ஆழங்கள் 2.34, 4.68, 7.02, 9.36, 11.70, இறுதியாக 12.00 என்று வரும். பாக்கெட்டின் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால் இந்தக் கூடுதல் சுற்று வீண்.

ஒரே ஜாபில் பல பாக்கெட்டுகள் இருக்கும்போது, ஒவ்வொன்றையும் முழு ஆழத்துக்கு முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்வதா, எல்லாவற்றையும் அடுக்கடுக்காக ஒன்றாக இறக்குவதா என்ற தேர்வு வரும். நேரத்துக்கு முதலாவது நல்லது. பாக்கெட்டுகளுக்கு நடுவே மெல்லிய சுவர் நிற்கப்போகிறது என்றால் இரண்டாவதுதான் சரி, ஏனெனில் அப்போது சுவரின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் குறைந்து வரும்.

பலகையை ஊடுருவி வெட்டி எடுக்கும் பாகங்களுக்கு, 12 மிமீ பலகையில் மொத்த ஆழத்தை 12.2 மிமீயாக வைத்து அடிப்பலகையில் சற்று இறங்க விடுவார்கள். அப்போது பாகம் கடைசிப் பாஸில் விடுபட்டுக் கட்டரில் மோதாமலிருக்க, டேப் எனப்படும் பிடிப்புத் துண்டுகளை விட்டுவைக்க வேண்டும். துண்டின் உயரம் 3 மிமீ என்றால், 2.44 மிமீ வீதம் செல்லும் ஐந்து பாஸ்களில் நான்காவதும் ஐந்தாவதும் அந்தத் துண்டுகளின் மேல் ஏறி இறங்கும். கடைசிப் பாஸில் மட்டும் ஏறினால் போதுமே என்று துண்டின் உயரத்தை 1 மிமீக்குக் குறைக்கும் ஆசை வரும். மென்மையான மரத்தில் அது பாகத்தைப் பிடித்து நிறுத்தாது.

இயந்திரத்துக்கு அனுப்பும் முன்

சிமுலேஷனை வேகமாக ஓட்டிப் பார்த்து, இறுதி வடிவம் சரியாக இருக்கிறதே என்று திருப்தியடைவது போதாது. இறுதி வடிவம் ஒரே பாஸில் வெட்டினாலும் ஐந்து பாஸ்களில் வெட்டினாலும் திரையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கவாட்டுப் பார்வைக்கு மாற்றி, டூல் பாத்தின் கோடுகள் எத்தனை அடுக்குகளாக நிற்கின்றன என்று எண்ணுங்கள்.

அதற்குப் பிறகு, இயந்திரத்துக்கான கட்டளைகள் உள்ள ஜி-கோட் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து, இசட் எழுத்துக்குப் பின் வரும் எண்களை மட்டும் தேடிப் பாருங்கள். இசட் -2.4, -4.8, -7.2, -9.6, -12 என்ற ஐந்து மதிப்புகள் வரிசையாகக் கிடைக்க வேண்டும். இடையிடையே வரும் மிகை எண்கள், கட்டர் மேலே எழுந்து நகரும் உயரங்கள். ராம்பிலோ ஹெலிக்ஸிலோ இறங்கும்போது வரும் இடைப்பட்ட குறை எண்களை விட்டுவிடலாம். கோப்பின் தொடக்கத்தில் ஜி21 இருந்தால் மில்லிமீட்டர், ஜி20 இருந்தால் அங்குலம். ஜி90 என்பது எல்லா எண்களும் பூஜ்யத்திலிருந்து அளக்கப்படுகின்றன என்று பொருள்; ஜி91 இருந்தால் ஒவ்வொரு எண்ணும் கட்டர் அப்போது இருக்கும் இடத்திலிருந்து அளக்கப்படும், ஆகவே மேலே சொன்ன வரிசையை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மென்பொருள் உண்மையில் என்ன முடிவுசெய்தது என்பதைத் திரையில் உள்ள எந்தப் படத்தையும்விட இது தெளிவாகச் சொல்லிவிடும்.

முதன்முறை ஓட்டும்போது இசட் பூஜ்யத்தைக் கட்டைக்கு மேலே 20 மிமீ உயர்த்தி வைத்து, காற்றிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். பிறகு பூஜ்யத்தை மீண்டும் சரியான இடத்துக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது.

உங்கள் இயந்திரத்தின் எல்லையைக் கண்டுபிடித்தல்

அட்டவணைகள் தொடக்கத்துக்கு உதவும். உங்கள் இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்பதை ஒரு துண்டுக் கட்டையே சொல்லும். 100 மிமீ நீளமுள்ள நேரான பள்ளம் ஒன்றை, ஒரு முனையில் பூஜ்யத்திலிருந்து மறுமுனையில் 5 மிமீ ஆழம் வரை சீராக இறங்கும்படி வெட்ட வேண்டும். கையால் எழுதினால் வெட்டும் வரி ஒன்றே ஒன்று: ஜி1 எக்ஸ்100 இசட்-5 எஃப்1800. மென்பொருளில் செய்தால், சாய்வாகச் செல்லும் நகர்வுக்கு அது தனியாகக் குறைந்த ஃபீடைக் கொடுத்துவிடக் கூடும் என்பதால், ராம்ப் ஃபீடையும் வெட்டும் ஃபீடையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும்.

வெட்டத் தொடங்கும்போது சீரான சீறல் ஒலி கேட்கும். ஓரிடத்தில் அந்த ஒலி கரகரப்பாக மாறும், அல்லது ஸ்பிண்டிலின் சுருதி இறங்கும். அந்த இடத்தில், நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டை அழுத்தி, எக்ஸ் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 64 மிமீயில் ஒலி மாறினால் அங்கே ஆழம் 3.2 மிமீ. அதில் 60 விழுக்காட்டை, அதாவது 1.9 மிமீயை, அன்றாட ஸ்டெப் டவுனாக வைத்துக்கொள்ளலாம். நாம் முதலில் நினைத்த 2.5 மிமீ இந்த இயந்திரத்துக்குச் சற்று அதிகம் என்று இங்கே தெரிகிறது. பள்ளத்தின் சுவரை விரல் நகத்தால் தடவிப் பார்த்தாலும், ஒலி மாறிய இடத்துக்குச் சற்று முன்பே மெல்லிய அலைகள் தொடங்கியிருப்பதை உணர முடியும். காதைவிட நகம் நேர்மையானது.

வெட்டும்போது வரும் தொல்லைகளில் சில, ஆழத்தால் வந்தவைபோலத் தோன்றினாலும் காரணம் வேறாக இருக்கும். ஒவ்வொரு பாஸும் கணக்கைவிடச் சற்று அதிகமாக இறங்கிக்கொண்டே போய், இறுதி ஆழம் 12-க்குப் பதில் 12.6 என்று வந்தால், கட்டர் காலெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கப்படுகிறது. சீவலை மேலே தள்ளும் சுருளுள்ள கட்டர்களில் இது சாதாரணமாக நடக்கும். காலெட்டையும் நட்டையும் துடைத்துவிட்டு இறுக்க வேண்டும். முதல் இரண்டு பாஸ்கள் நன்றாகப் போய், அதற்குக் கீழே மட்டும் ஓசை கூடினால், சீவல் பள்ளத்துக்குள் அடைத்துக்கொண்டிருக்கும். அதையே கட்டர் மீண்டும் மீண்டும் அரைக்கிறது. காற்றடித்தோ உறிஞ்சியோ வெளியேற்றினால் போதும், ஸ்டெப் டவுனைத் தொட வேண்டியதில்லை. சீவலைக் கீழே தள்ளும் கட்டர்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பாக இருக்கும்.

கம்ப்ரெஷன் கட்டருக்கு மட்டும் விதி தலைகீழ். அதன் நுனியில் சிறு பகுதி சீவலை மேலே தள்ளும். அதற்கு மேலுள்ள பகுதி கீழே தள்ளும். பலகையின் மேல்விளிம்பு பிசிறில்லாமல் வர வேண்டுமானால், முதல் பாஸே நுனிப் பகுதியின் நீளத்தைத் தாண்டி இறங்க வேண்டும். அந்த நீளம் 5 மிமீ என்றால், 2.4 மிமீ பாஸ்களில் வெட்டும்போது முதல் இரண்டு பாஸ்களும் மேலடுக்கைக் கிழித்துவிடும். அவ்வளவு ஆழத்தை இயந்திரம் தாங்காது என்றால் அந்தக் கட்டரை அங்கே பயன்படுத்துவதில் பொருளில்லை.

அடாப்டிவ் கிளியரிங் போன்ற டூல் பாத்களிலும் கணக்கு மாறுகிறது. அவை கட்டர் எந்த இடத்திலும் முழு அகலத்தில் சிக்காதபடி பாதையை வளைத்துச் செல்வதால், பக்கவாட்டில் விட்டத்தின் 10 விழுக்காடு, ஆழத்தில் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு என்பதுபோல வெட்ட முடியும். நமது 6 மிமீ கட்டருக்குப் பக்கவாட்டில் 0.6 மிமீ, ஆழத்தில் முழு 12 மிமீ. இப்படி வெட்டும்போது சீவலின் உண்மையான கனம் கணக்கிட்டதில் 60 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஃபீடைக் கூட்ட வேண்டும், அல்லது தேய்ப்பு தொடங்கும். கட்டரின் முழு நீளமும் சீராகத் தேய்வதால் அதன் ஆயுள் கூடும். எனினும் இதற்கு இறங்கும் ஹெலிக்ஸ் சரியாக இருக்க வேண்டும், ஃப்ளூட் முழு ஆழத்துக்கும் போதுமான நீளம் இருக்க வேண்டும். சாதாரணப் பாஸ்களில் கை பழகிய பிறகு இதற்கு வருவதே நல்லது.

சோதனையில் கிடைத்த ஆழத்தை மென்பொருளின் டூல் லைப்ரரியில் அந்தக் கட்டரின் பெயரிலேயே சேமித்துவிடுங்கள். பெயரோடு பொருளையும் நீட்டலையும் சேர்த்து எழுத வேண்டும்: ‘6 மிமீ 2 ஃப்ளூட், கடின மரம், நீட்டல் 20, பாஸ் 1.9’ என்பதுபோல. அதே கட்டரை அலுமினியத்துக்கும் பயன்படுத்தினால் இரண்டாவது பதிவு ஒன்றை உருவாக்குங்கள். ஆழமான ஒரு வேலைக்காக 30 மிமீ நீட்டிப் பிடிக்க வேண்டி வந்தால், அதற்கு மூன்றாவது பதிவும் புதிய சோதனைப் பள்ளமும் தேவைப்படும்.